ஃபிளைட் ஸ்டிக் தானாகத் துடிக்கிறதா? தேய்ந்த சென்சாரைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டில் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டீர்கள். ஆனாலும் விமானத்தின் மூக்கு வெட்டி வெட்டித் திரும்புகிறது. ரட்டர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை) தானாகத் துடிக்கிறது. திராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) 70 சதவீதத்தில் நிறுத்தினால் ஒரு கணம் 100க்குப் போய்விட்டுத் திரும்புகிறது. சில வருடம் ஓடிய ஃபிளைட் ஸ்டிக், திராட்டில், பெடல் மூன்றிலும் வரும் கோளாறு இது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கும். ஆனால் அறுந்த வயரும் தளர்ந்த பிளக்கும் காய்ந்த கிரீஸும்கூட இதே மாதிரிதான் ஆட்டம் காட்டும். எது என்று தெரியாமல் ஸ்பிரே அடிப்பதும் புது பாகம் வாங்குவதும் பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

தேய்வது எங்கே, ஏன்?

பொட்டென்ஷியோமீட்டர் என்பது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருக்கும் அதே சாமான்தான். குதிரை லாட வடிவில் ஒரு கார்பன் தடம். அதன் ஒரு முனைக்கு 5 வோல்ட் (பல புதிய போர்டுகளில் 3.3), மறுமுனை கிரவுண்ட். தடத்தின் மேல் மெல்லிய உலோக விரல்கள் உரசிக்கொண்டு ஓடும். இதற்கு வைப்பர் என்று பெயர். வைப்பர் நிற்கும் இடத்தின் வோல்ட்டேஜைப் போர்டில் உள்ள சிப் எண்ணாக மாற்றுகிறது. 10 பிட் சிப் என்றால் 0 முதல் 1023 வரை, 12 பிட் என்றால் 4095 வரை.

ஸ்டிக் பெரும்பாலான நேரம் நடுவில்தான் நிற்கிறது. கையின் சிறு நடுக்கம், ஸ்பிரிங்கின் உதறல் எல்லாம் அந்த ஒரு மில்லிமீட்டர் தடத்திலேயே உரசுகின்றன. அதனால் நடுப்பகுதி முதலில் பள்ளமாகிறது, உதிர்ந்த கரித்தூள் அங்கேயே சேர்கிறது. திராட்டிலில் இதற்கு மாறாக, நீங்கள் வழக்கமாக நிறுத்தும் இடம் எதுவோ அங்கே தேயும்.

சிப்பின் உள்ளீடு மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுப்பதால், வைப்பருக்கும் தடத்துக்கும் இடையே சற்று அழுக்கு இருந்தாலும் எண் பெரிதாக மாறாது. தொடர்பு முழுதாக விட்டுப்போகும் கணத்தில்தான் அது தாவும். ஆகவே நீங்கள் திரையில் பார்க்கும் தாவல் பெரும்பாலும் வைப்பருக்கும் தடத்துக்கும் தொடர்பு விட்டுப்போன ஒரு கணம்.

முதலில் திரையில் பாருங்கள்

திருகாணியைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். விண்டோஸில் ‘செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்’ திரை போதும். லினக்ஸில் ஜெஎஸ்டெஸ்ட் அல்லது ஈவிடெஸ்ட். விளையாட்டுக்குள் பார்க்க வேண்டாம். அங்கே டெட்ஸோனும் (நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் பகுதி) கர்வும் (அசைவுக்கு விமானம் எவ்வளவு திரும்பும் என்ற வளைவு) கோளாறை மறைத்துவிடும். முடிந்தால் அளவுதிருத்தம் இல்லாத மூல எண்களைக் காட்டும் முறையில் வையுங்கள்.

ஒவ்வோர் அச்சையும் (ஸ்டிக்கோ திராட்டிலோ பெடலோ நகரும் ஒவ்வொரு திசை) ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, பத்து வினாடி எடுக்கும் அளவுக்கு மெதுவாக நகர்த்துங்கள். எப்படிக் கெட்டிருக்கிறது என்பதே எது கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடும்:

குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும் தாவினால் அந்த இடத்தில் தடம் தேய்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் மெல்லிய நடுக்கம் என்றால் அழுக்கு அல்லது மின் இரைச்சல். வேறு யூஎஸ்பி போர்ட்டில், ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

எண் ஒரு முனையிலேயே ஒட்டிக்கொண்டு அசையவில்லை என்றால் வெளிக்கால் (தடத்தின் முனையோடு சேரும் கால்) வயர் ஒன்று அறுந்திருக்கலாம். கிரவுண்ட் போனால் முழு வோல்ட்டேஜில் நிற்கும். 5 வோல்ட் போனால் பூஜ்ஜியத்தில் நிற்கும்.

விசித்திரமானது இன்னொன்று: ஸ்டிக்கை இடம் வலமாக ஆட்டினால் ரட்டரும் கூடவே மங்கலாக ஆடும். பலர் இதைப் பார்த்துப் போர்டே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் ரட்டரின் வைப்பர் வயர் அறுந்திருக்கும். சிப் ஒவ்வோர் அச்சாக மாறி மாறி அளக்கும்போது, எதனோடும் சேராத கால் முந்தைய அச்சின் வோல்ட்டேஜையே கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு சொட்டு சால்டரில் தீரும் வேலை.

ஸ்டிக் நடுவுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணுக்குத் திரும்புகிறது, ஆனால் எண் தாவவில்லை என்றால் சென்சாரை விடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், கிரீஸ் பிசுபிசுத்திருக்கும், அல்லது தண்டுக்கும் சென்சாருக்கும் இடையே தளர்ச்சி இருக்கும்.

தேவையானவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், நட்சத்திர முனைத் திருப்புளி, வெப்பம் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், 0.8 மில்லிமீட்டர் சால்டர் கம்பி, ஹீட் ஷ்ரிங்க் குழாய், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காதுக் குச்சி, மெல்லிய ஊசி, ஃபேடர்களுக்கென்றே (ஒலிக் கருவிகளில் மேலும் கீழும் நகர்த்தும் குமிழ்கள்) விற்கும் மசகுள்ள கான்டாக்ட் கிளீனர். சாதாரண டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். தூசி அதில் ஒட்டிக் கரித்தூளோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும்.

திறப்பது

யூஎஸ்பியைக் கழற்றுங்கள். திருகாணி எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் பாதங்களுக்கு அடியிலும் ஒட்டியிருக்கும் லேபிளுக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். லேபிளை விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள், இன்னொரு திருகாணி பாக்கி இருக்கிறது.

மூடியைத் தூக்கும்போது அடிப்பகுதி மேசையிலேயே இருக்கட்டும். ஸ்பிரிங் பறக்கும், திராட்டிலின் தடைப்புள்ளிகளில் இருக்கும் சிறு எஃகு குண்டு கட்டில் அடியில் போய்த்தான் நிற்கும். ஒரு தட்டுக்குள் வைத்துத் திறப்பது நல்லது. ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் படம் எடுங்கள். முக்கியமாக வயர் நிறங்கள், பிளக் எந்தப் பக்கம் பார்க்கிறது, வயர் எந்த வழியே ஓடுகிறது. மூடும்போது வயர் நசுங்குவதால் வரும் புதுக் கோளாறுகள் பல.

திறந்ததும் ஒரு சோதனை. இரண்டு அச்சுகளின் பிளக்குகள் ஒரே மாதிரி என்றால், எந்த வயர் எந்தக் காலுக்குப் போகிறது என்ற வரிசையும் ஒன்றே என்று பார்த்துக்கொண்டு, போர்டில் அவற்றை இடம் மாற்றிச் செருகி மறுபடி திரையில் பாருங்கள். கோளாறு பிளக்கோடு கூடவே போனால் சென்சார் அல்லது வயர். அதே அச்சிலேயே நின்றால் போர்டு.

மல்டிமீட்டர் சொல்வது

மின்சாரம் இல்லாமல், பிளக்கைக் கழற்றிவிட்டு, ஓம் அளவில் வையுங்கள். வெளிக்கால்கள் இரண்டுக்கும் இடையே அளந்தால் சென்சாரின் மதிப்பு கிடைக்கும். யூஎஸ்பி ஸ்டிக்குகளில் பெரும்பாலும் 10 கிலோ ஓம், பழைய கேம்போர்ட் (யூஎஸ்பிக்கு முன் கணினியில் இருந்த ஜாய்ஸ்டிக் செருகுவாய்) ஸ்டிக்குகளில் 100 கிலோ ஓம். 8 அல்லது 11.5 காட்டினாலும் கவலை வேண்டாம். இவற்றுக்கு 20 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் சகஜம்.

அடுத்து வைப்பருக்கும் ஒரு வெளிக்காலுக்கும் இடையே வைத்துத் தண்டை மெல்லத் திருப்புங்கள். எண் சீராக ஏற வேண்டும். நடுவில் மீட்டர் ஒரு கணம் எல்லையற்றது என்று காட்டினால் அந்த இடத்தில் தடம் போய்விட்டது. டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளக்கும் என்பதால் வேகமாகத் திருப்பினால் தவறவிடும். பழைய முள் மீட்டர் இருந்தால் இந்த ஒரு வேலைக்கு அதுதான் ராஜா. முள்ளின் உதறல் அப்படியே தெரியும்.

சென்சார் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் வயர். கைப்பிடியை முறுக்கும் ரட்டர் உள்ள ஸ்டிக்குகளில் வயர்கள் ஒவ்வொரு முறுக்கிலும் மடிகின்றன. வெளியுறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். தொடர்ச்சி ஒலியில் வைத்துக்கொண்டு வயரை ஒவ்வோர் அங்குலமாக மடக்குங்கள். பீப் விட்டுவிட்டு வந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். அறுந்த இடத்தில் ஒட்டுப்போட்டால் அதே மடிப்பில் மறுபடி அறும். பல மெல்லிய இழைகள் கொண்ட, சிலிக்கான் உறை போட்ட புது வயரை முழு நீளத்துக்கும் மாற்றுங்கள்.

சுத்தம் செய்வது: வாங்கிய நேரம், தீர்வு அல்ல

தண்டு ஓரத்திலோ கால்களுக்கு மேலேயோ உள்ள இடுக்கில் கிளீனரை அரை நொடி மட்டும் அடித்து, தண்டை முனைக்கு முனை முப்பது முறை திருப்புங்கள். பத்து நிமிடம் காய விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அழுக்கு மட்டும் என்றால் இதிலேயே சரியாகிவிடும், பல மாதங்கள் ஓடும். தடம் தேய்ந்திருந்தால் சில நாளில் பழைய கதைதான். கிளீனர் கரித்தூளோடு சேர்த்து உள்ளே இருந்த மசகையும் கழுவிவிடுவதால், மசகு இல்லாத கிளீனரைத் திரும்பத் திரும்ப அடித்தால் தேய்மானம் வேகமெடுக்கும். இரண்டாவது முறை அடிக்க வேண்டி வந்தால் ஸ்பிரேயை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

தகர மூடி உள்ள ரகத்தைத் திறக்கலாம். நான்கு மடிப்பு நாக்குகளை மெல்லிய கத்தியால் நிமிர்த்துங்கள். இரண்டு முறைக்கு மேல் மடக்கினால் உடையும். தடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வைப்பர் ஓடிய கோடு பளபளக்கும். கோட்டில் வெளிறிய பழுப்புத் திட்டு தெரிந்தால் கார்பன் தீர்ந்து அடித்தகடு எட்டிப்பார்க்கிறது. வெறும் கருமைத் தூள் என்றால் ஆல்கஹால் நனைத்த காதுக் குச்சியால் தடத்தின் நீளவாக்கில் துடைத்தால் போதும். வைப்பர் விரல்களை ஊசியால் அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்திவிட்டால் தேயாத கோட்டில் ஓடும். மேல்நோக்கி அழுத்தம் கூட்டலாம் என்று வளைக்காதீர்கள். அழுத்தம் கூடினால் புதுக் கோடும் சீக்கிரமே தேயும். பென்சில் கரியைத் தடவும் வித்தை ஒரு வாரம்கூடத் தாங்காது. கிராஃபைட் தடத்தோடு பிணையாது, வைப்பரே சுரண்டித் தள்ளிவிடும்.

இன்னொரு தந்திரம் இருக்கிறது. சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் 300 டிகிரி சுற்றும். ஸ்டிக் அதில் 60 டிகிரியைத்தான் பயன்படுத்தும், அதாவது 120 முதல் 180 வரை. சென்சாரின் உடலைத் தளர்த்தி 70 டிகிரி திருப்பிப் பூட்டினால் 190 முதல் 250 வரையிலான புதுத் தடத்தில் ஓடும். வோல்ட்டேஜ் சுமார் 3.2 முதல் 4.2 வரை வரும். அளவுதிருத்தத்தை ஏற்கும் ஸ்டிக்குகளில் இது புதுச் சென்சாருக்குச் சமம், செலவே இல்லை. நடுவை 2.5 வோல்ட் என்று உள்ளேயே நிர்ணயித்துவிட்ட போர்டுகளில் மட்டும் பலிக்காது.

மாற்றுவது

மதிப்பு மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். பி10கே என்று அச்சிட்டிருந்தால் இப்போதைய வழக்கப்படி 10 கிலோ ஓம், நேர்சீர் ரகம் (திருப்பும் அளவுக்கேற்ப மதிப்பு சீராக மாறுவது). ஏ10கே என்றால் ஆடியோவுக்கான மடக்கை ரகம். மாட்டினால் ஸ்டிக் ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் துள்ளலாகவும் இருக்கும். பழைய ஐரோப்பிய சாமான்களில் இந்த எழுத்துகளின் பொருள் வேறு. எழுத்தை நம்பாமல் தண்டை நடுவில் நிறுத்தி அளந்துவிடுங்கள், பாதி மதிப்பு காட்டினால் நேர்சீர்.

அடுத்தது கோணம். பழைய சென்சாரை அதன் இடத்திலேயே வைத்து, ஸ்டிக்கை முனைக்கு முனை நகர்த்தி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 4 முதல் 6 கிலோ ஓம் வரை மட்டுமே மாறினால் சாதாரண 300 டிகிரி ரகம் போதும். 0.5 முதல் 9.5 வரை மாறினால், பல் சக்கரம் எதுவும் இடையில் இல்லாத பட்சத்தில், அது ஜாய்ஸ்டிக்குக்கென்றே செய்த குறுங்கோண ரகம். அதன் இடத்தில் சாதாரண ரகத்தைப் போட்டால் 60 டிகிரி அசைவுக்கு 1024இல் சுமார் 205 படிகள்தான் கிடைக்கும். பறக்கலாம், ஆனால் இலக்கை நுணுக்கமாகக் குறிபார்க்கும்போது படிக்கட்டு தெரியும்.

தண்டின் விட்டம் (பெரும்பாலும் 6 மில்லிமீட்டர்), தண்டு முழு வட்டமா ஒரு பக்கம் தட்டையா பல் வெட்டியதா, நீளம், கழுத்து மரை, உடலின் விட்டம் ஆகியவற்றை அளவுகோல் வைத்து அளந்த பிறகே வாங்குங்கள். கண்டக்டிவ் பிளாஸ்டிக் ரகம் கிடைத்தால் கூடுதல் விலைக்குத் தகும். சாதாரண கார்பன் ரகத்துக்குச் சொல்லப்படும் ஆயுள் பத்தாயிரம், பதினைந்தாயிரம் சுழற்சி என்ற கணக்கில் இருக்கும், இது லட்சக்கணக்கில் போகும்.

சால்டரிங் முனை 330 முதல் 350 டிகிரி. ஒரு காலுக்கு மூன்று வினாடிக்கு மேல் வேண்டாம். சூடு ஏறினால் காலைத் தடத்தோடு இணைக்கும் ரிவெட் தளரும், புதுச் சென்சார் அன்றே துடிக்கத் தொடங்கும். வைப்பர் நடுக்காலில்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நேர்க்கோட்டில் நகரும் ஸ்லைடர்களில் வரிசை மாறும். தண்டைத் திருப்பினாலும் மதிப்பு மாறாத ஜோடி எதுவோ அவைதான் வெளிக்கால்கள். இதைக் குழப்பி 5 வோல்ட்டை வைப்பருக்குக் கொடுத்தால், தண்டு கிரவுண்ட் முனையை நெருங்கும்போது ஷார்ட் ஆகித் தடம் கருகும். வெளிக்கால்களை மாற்றிப் போட்டால் ஒன்றும் ஆகாது, அச்சு தலைகீழாகும், அவ்வளவே.

தண்டைப் பாதி மதிப்பில், அதாவது 5 கிலோ ஓமில் நிறுத்தி, ஸ்டிக்கும் நடுவில் நிற்கும் நிலையில் இணையுங்கள். மெல்லிய இரைச்சல் இருந்தால் வைப்பருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நானோஃபேரட் செராமிக் கபாசிட்டர் ஒன்று வைக்கலாம். 10 கிலோ ஓம் சென்சாரில் இதனால் தாமதம் உணரத் தெரியாது.

இனித் தேயவே கூடாது என்றால் ஹால் சென்சார்

காந்தப்புலத்தை அளக்கும் சென்சாரில் உரசல் இல்லை, எனவே தேய்மானமும் இல்லை. முதலில் பழைய சென்சாரின் வெளிக்கால்களில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். எஸ்எஸ்49இ என்ற ஹால் சென்சார் 2.7 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும். ஏ1302 என்ற இன்னொன்றுக்குக் குறைந்தது 4.5 வேண்டும், 3.3 வோல்ட் போர்டில் போடாதீர்கள். கேம்போர்ட் ஸ்டிக்குகள் வோல்ட்டேஜை அல்ல, மின்தடையை அளப்பவை. அங்கே ஹால் சென்சார் நேரடியாகப் பொருந்தாது.

அமைப்பு இதுதான். தண்டின் நுனியில் ‘யூ’ வடிவப் பிளாஸ்டிக் கவ்வி. அதன் இரு கைகளிலும் ஒன்றையொன்று ஈர்க்கும் திசையில் இரு சிறு நியோடிமியம் காந்தங்கள், எபாக்ஸி போட்டு. நடுவே, எதையும் தொடாமல், அசையாத உடலில் பொருத்திய சென்சார். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சென்சாரின் தட்டையான முகம் காந்தங்களை இணைக்கும் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். அப்போது வெளியீடு வழங்கு வோல்ட்டேஜில் பாதி, அதாவது 5 வோல்ட் போர்டில் 2.5 வரும். வெளியீடு சைன் வளைவில் மாறுவதால் இரு பக்கமும் 30 டிகிரி வரை நேர்கோட்டிலிருந்து விலகல் 5 சதவீதத்துக்குள் அடங்கும். 45 டிகிரியில் 10 சதவீதம். 5 வோல்ட் போர்டில் முனைகளில் 1.2, 3.8 வோல்ட் வருமாறு காந்தங்களின் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். முனைக்கு வருமுன்பே எண் நின்றுவிட்டால் புலம் அதிகம், காந்தங்களைத் தள்ளி வையுங்கள்.

இரண்டு இடங்களில் கவனம். எஸ்எஸ்49இயின் எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து வலமாக: பிளஸ், கிரவுண்ட், வெளியீடு. பொட்டென்ஷியோமீட்டரில் நடுக்கால் வைப்பர். இங்கே நடுக்கால் கிரவுண்ட். பழைய பிளக்கை அதே வரிசையில் மாட்டினால் சென்சார் வேலை செய்யாது, கெட்டும் போகலாம். இரண்டாவது, சாதாரண நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும்; சால்டரிங் முனையைக் காந்தத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அருகிலுள்ள எஃகு ஸ்பிரிங்கும் புலத்தை வளைக்கும்.

ஏஎஸ்5600 என்ற காந்தக் கோணச் சிப்பும் நல்ல தேர்வு. 12 பிட், 360 டிகிரி. விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றிய காந்தம்தான் வேண்டும், சாதாரண வட்டக் காந்தம் வேலைக்காகாது. திசை தீர்மானிக்கும் காலைக் கிரவுண்டிலோ பிளஸ்ஸிலோ கட்டாமல் தொங்கவிட்டால் எண் தானாகத் திரும்பும். கோண வரம்பைக் குறுக்கிச் சிப்புக்குள் நிரந்தரமாக எழுத வேண்டும். தொடக்க, முடிவுக் கோணங்களை மூன்று முறைதான் எழுத முடியும், எனவே தற்காலிகமாக வைத்துச் சோதித்த பின்பே எழுதுங்கள்.

மூடுவதும் அளவுதிருத்தமும்

பிளாஸ்டிக்கில் ஏறும் திருகாணியை முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். ‘டக்’கென்று சற்றே இறங்கும், பழைய மரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு இறுக்கினால் புது மரை வெட்டாது. பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைத் தாக்காத டேம்பிங் கிரீஸை அரிசிமணி அளவு மட்டும் உரசும் பரப்பில் தடவுங்கள்; சென்சார் பக்கம் ஒரு துளியும் போகக் கூடாது.

செருகும்போது ஸ்டிக்கைத் தொடாதீர்கள். சில மாடல்கள் அந்தக் கணத்தின் நிலையையே நடு என்று எடுத்துக்கொள்ளும். பழைய அளவுதிருத்தத்தை ‘ரீசெட்’ செய்து அழித்த பிறகே புதிதாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் தேய்ந்த சென்சாருக்குச் செய்த கணக்கு புதிய சென்சாருக்கும் ஒட்டிக்கொள்ளும். முனைகளைத் தொடும்போது பலம் கொடுக்காமல், சாதாரணமாகப் பறக்கும்போது தள்ளும் அளவுக்கே தள்ளுங்கள்.

பிறகு கையை எடுத்துவிட்டு கால் மணி நேரம் மூல எண்ணைப் பாருங்கள். 10 பிட் போர்டில் ஒன்றிரண்டு படி ஆடினால் சரி. 2 சதவீத டெட்ஸோன் அதை விழுங்கிவிடும். 5 சதவீதத்துக்கு மேல் டெட்ஸோன் கேட்டால் கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, பிளக்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.